இஞ்சினீயர் சார்… செயின் மாட்டத் தெரியுமா?

ஒரு குட்டி டெஸ்ட். மொபைலை எடுக்காமல், பக்கத்து பெஞ்சை எட்டிப் பார்க்காமல் பதில் சொல்லுங்கள். உங்க வீட்டு சைக்கிள் செயினில் ‘லாக்’ எங்கே இருக்கு? அதோட வாய் எந்தப் பக்கம் பார்த்து இருக்கணும்?

முழிக்கிறீங்களா? வாங்க பாஸ், போன மாசம் வரைக்கும் நானும் உங்க கட்சிதான். இத்தனைக்கும் நான் மூணாவது வருஷம் மெக்கானிக்கல். ஆறாவது செமஸ்டரில் ‘செயின் டிரைவ்’னு ஒரு பாடமே இருக்கு. பி.எஸ்.ஜி. டேட்டா புக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு, எத்தனை பல், எத்தனை கண்ணி, எவ்வளவு பவர் என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டு பாஸும் ஆகியாச்சு. ஆனால், நிஜ செயின் கையில் வந்தப்போதான் தெரிஞ்சது, நான் எவ்வளவு பெரிய ஏட்டுச் சுரைக்காய்னு!

கதை இதுதான். எங்க வீடு அம்பத்தூர் ஓ.டி. பக்கம். தங்கச்சி ப்ளஸ் ஒன் படிக்கிறாள். அரசாங்கம் கொடுத்த விலையில்லா சைக்கிளில்தான் ஸ்கூல், டியூஷன் எல்லாமே. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு மட்டும் என்று ஆரம்பித்து, பிறகு எல்லா மாணவ மாணவிகளுக்கும் என்று விரிந்த திட்டம் அது. கையில் வந்த அன்னிக்கு தெருவையே மூணு ரவுண்டு அடிச்சாள். ஆனால், மழைக்காலம் முடிந்ததும் ஆரம்பிச்சது வினை. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை செயின் கழண்டுக்கும். ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு, யூனிஃபார்ம் முழுக்க கறுப்பு கிரீஸோடு, சைக்கிளைத் தள்ளிக்கிட்டே வந்து நின்னாள். அழலை. ஆனால், அம்மா அழுதுட்டாங்க.

“நாளையிலேருந்து சைக்கிளும் வேணாம், ராத்திரி டியூஷனும் வேணாம். அந்த சனியனை எடைக்குப் போட்டுடுங்க!”

கவனிச்சீங்களா? கழண்டது செயின். ஆனால், நிக்கப் போறது ஒரு பொண்ணோட டியூஷன். ஷேர் ஆட்டோவில் போகலாமேன்னு ஈஸியா சொல்லிடலாம். தினமும் போக வர யார் காசு கொடுக்கறது? தங்கச்சி என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அண்ணா, நீ மெக்கானிக்கல்தானே?”

செம பல்பு! அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை.

செயின் தாத்தா

எங்க தெருக்கோடியில் ஒரு தாத்தா இருக்கார். சின்ன வயசில் சைக்கிள் கடைப் பையன், அப்புறம் ரிட்டயர்டு ஆகிறவரை ஃபேக்டரியில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா இஞ்சினீயரு, செயின் கழண்டுக்குதா? மாட்டித் தர மாட்டேன். கத்துக்கிறதா இருந்தா உட்காரு.”

உட்கார்ந்தேன். முதலில் தன் வலது கையை நீட்டிக் காட்டினார். ஆள்காட்டி விரலில், நகம் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. கடைப் பையனாக இருந்த நாளில், பின் சக்கரம் சுத்திக்கிட்டிருக்கும்போதே துணியால் செயினைத் துடைச்சிருக்கார். துணி போச்சு, கூடவே விரலும் போச்சு. “செயினுக்கும் பல்லுக்கும் நடுவுல வெரலு போனா, சக்கரம் நின்னு யோசிக்காது நைனா. இதை மொதல்ல எழுதிக்க” என்றார்.

எழுதிக்கிட்டேன். நீங்களும் எழுதிக்குங்க. ரூல் நம்பர் ஒன்: சக்கரமோ பெடலோ சுத்தும்போது செயின் பக்கம் கை போகவே கூடாது. துப்பட்டா, தொளதொள பேன்ட்டுக்கும் இதே சட்டம்தான்.

நம்ம ஊரு சரக்கு!

வேலைக்கு முன்னாடி கொஞ்சம் ஊர்ப் பெருமை. அம்பத்தூர்க்காரனுக்கு செயின் மாட்டத் தெரியாதுன்னா, அது திருநெல்வேலிக்காரனுக்கு அல்வா சாப்பிடத் தெரியாத மாதிரி! 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் கைகோத்து ‘டி.ஐ. சைக்கிள்ஸ்’ ஆரம்பித்தது இங்கேதான். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று நம்ம அப்பாக்கள் ஓட்டிய சைக்கிள்கள் அந்த வழியாக வந்தவைதான். எம்.டி.எச். ரோட்டில் பஸ் ஸ்டாப் பேரே ‘டி.ஐ. சைக்கிள்’. அந்த இங்கிலாந்து கம்பெனியின் தலைவராக இருந்தவர்தான் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு. நம்ம ஊர் ஸ்டெட்ஃபோர்டு ஆஸ்பத்திரிக்கு அந்தப் பேர் வந்த கதை இதுதான்!

அதே குழுமம் 1960-ல் செயினுக்காகத் தனியாக ஆரம்பித்ததுதான் ‘டி.ஐ. டைமண்ட் செயின்’. ‘டைமண்ட்’ என்ற பேர், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்து டைமண்ட் செயின் கம்பெனியுடன் போட்ட கூட்டணியால் வந்தது. அந்தக் கம்பெனிக்கு இன்னொரு கிரீடம் உண்டு. 1903 டிசம்பர் 17-ல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தில், எஞ்சினிலிருந்து ரெண்டு புரொப்பல்லர்களைச் சுத்தவைத்தது இண்டியானாபொலிஸில் இருந்து வாங்கிய செயின்தான். ரெண்டும் எதிரெதிர்த் திசையில் சுத்த வேண்டும் என்பதற்காக, ஒரு செயினை மட்டும் எட்டு போல குறுக்கே மாற்றி மாட்டினார்கள். சும்மாவா? அண்ணன் தம்பி ரெண்டு பேரும் டேட்டன் நகரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த பார்ட்டிகளாச்சே!

சரி, செயின்னா இன்னா?

இது தாத்தா என்னிடம் கேட்ட கேள்வி. “பவரை டிரான்ஸ்மிட் பண்ற…” என்று ஆரம்பித்தேன். கையமர்த்தினார். “எத்தினி சாமான் இருக்குது, அதைச் சொல்லு.”

நல்லாப் பாருங்க. ரெண்டு வகைக் கண்ணி மாறி மாறி வருது. வெளிக்கண்ணியில் ரெண்டு தகடு, ரெண்டு பின். உள்கண்ணியில் ரெண்டு தகடு, ரெண்டு புஷ், அதற்கு மேல் சுழலும் ரெண்டு ரோலர். மொத்தம் பத்து. ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை இன்ச். ஆக, ஒரு இன்ச் செயினுக்குள் பத்து பாகம். சாதாரண சைக்கிள் செயினில் நூறு கண்ணிக்கு மேல் இருக்கும். அப்படின்னா, ஐந்நூறு பாகங்களுக்கு மேல்! உங்க வீட்டிலேயே அதிக பாகங்கள் உள்ள மெஷின் அதுவாகக்கூட இருக்கலாம். இந்த புஷ், ரோலர் ஐடியாவுக்கு 1880-ல் காப்புரிமை வாங்கியவர் ஹான்ஸ் ரெனால்டு. ஸ்விட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் நடத்தியவர்.

இப்போ மேட்டருக்கு வருவோம். ‘செயின் இழுத்துக்கிச்சு’ன்னு சொல்றோம் இல்லையா? உண்மையில் தகடு எதுவும் ரப்பர் மாதிரி நீளுவது இல்லை. புழுதி உள்ளே போய், பின்னும் புஷ்ஷும் தேயுது. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு முடி அளவு இடைவெளி. நூறு மூட்டுக்கும் சேர்ந்தால், செயின் தொளதொள. அதனால்தான் பல்லைவிட்டு எகிறுது.

களத்தில் இறங்குவோம்

தேவையானவை: ஸ்பேனர், நோஸ் பிளையர், ஸ்க்ரூ டிரைவர், பழைய டூத் பிரஷ், ஒரு பிளாஸ்டிக் டப்பா, பனியன் வேஸ்ட், தையல் மெஷின் ஆயில், ஒரு சாயங்கால நேரம். இங்கே சொல்வது கியர் இல்லாத சைக்கிளுக்கு.

1. செயின் கவரின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்க. கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் வையுங்க. கடைசியில் ஒரு ஸ்க்ரூ மிச்சமாகிற காமெடி நடக்காது.

2. பெடலை மெதுவாகச் சுத்தி, லாக் இருக்கிற கண்ணியைத் தேடுங்க. மற்ற கண்ணிகளில் தகடு மட்டும் இருக்கும். இதில் மட்டும் தகடுக்கு மேல் மீன் மாதிரி ஒரு மெல்லிய ஸ்பிரிங் கிளிப். ஒரு பக்கம் மூடிய தலை, மறுபக்கம் பிளந்த வால். கண்டுபிடித்ததும் அதன் போக்கை ஒரு போட்டோ எடுத்துக்குங்க.

3. பின் சக்கர நட் ரெண்டையும் தளர்த்தி, சக்கரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளுங்க. செயின் தொளதொளன்னு ஆகிடும். ‘டென்ஷன்’ உள்ள செயினில் லாக்கைக் கழற்றப் பார்த்தால் உங்களுக்குத்தான் டென்ஷன்.

4. நோஸ் பிளையரின் ஒரு மூக்கு கிளிப்பின் பிளந்த வால் நுனியில், இன்னொரு மூக்கு அதை ஒட்டிய பின்னில். மெதுவா அழுத்துங்க. ‘டிக்’ என்று கிளிப் நகரும். மேலே இன்னொரு கையால் மறைச்சுக்குங்க. இல்லைன்னா கிளிப் பறந்து, வீடு முழுக்கத் தேடற படலம் ஆரம்பிச்சிடும். கிளிப், அதற்கு அடியில் உள்ள தகடு, பின்னால் ரெண்டு பின்னோடு உள்ள தகடு. மூணையும் டப்பாவில் போட்டாச்சா? செயின் இப்போ உங்க கையில்!

5. பழைய டப்பாவில் மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊற்றி, செயினை அரை மணி நேரம் ஊறவையுங்க. ரெண்டும் கிடைக்கலையா? வெந்நீரும் பாத்திரம் தேய்க்கிற லிக்விடும் போதும். நேரம்தான் கொஞ்சம் கூட ஆகும். பெட்ரோல் மட்டும் கூடவே கூடாது. எந்த எண்ணெயா இருந்தாலும் மொட்டை மாடி, வாசல் மாதிரி காற்றோட்டமான இடம்தான். கிச்சன் பக்கம் போகாதீங்க. பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, வெயிலில் நல்லாக் காய வையுங்க. அந்தக் கறுப்புத் தண்ணியைக் கால்வாயில் ஊத்தாதீங்க ப்ளீஸ். ஒரு பாட்டிலில் தெளிய வைத்தால், மேலே உள்ள எண்ணெயை அடுத்த தடவைக்கு வச்சுக்கலாம். அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் ஏற்கெனவே பட்டபாடு போதும்!

6. இப்போ அளவு. இரும்பு டேப்பை வைத்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி எண்ணுங்க. புது செயினா இருந்தால் சரியா 12 இன்ச். அதைவிட 1/16 இன்ச் கூடியிருந்தால், செயினை மாற்றும் நேரம் வந்தாச்சு. 1/8 இன்ச் கூடியிருந்தால், அது பல்லையும் சேர்த்துத் தின்னிருக்க வாய்ப்பு அதிகம். அப்போ செயினை மட்டும் மாற்றினால் பத்தாது. தங்கச்சி செயின் 1/16-க்குக் கொஞ்சம் கீழே இருந்தது. தப்பிச்சோம்!

7. செயினை முன்னும் பின்னும் பல்லில் ஏற்றி, ரெண்டு முனையையும் சேர்த்து, பின் உள்ள தகடைச் செருகி, மேல் தகடை வைத்து, கிளிப்பை மாட்டுங்க. ஆங்… இங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

நடு ரோட்டில் நான்

எதற்கும் ஒரு டெஸ்ட் ரைடு போய்ட்டு வந்து தங்கச்சிகிட்ட கொடுக்கலாம்னு கிளம்பினேன். ஓ.டி. சிக்னல் தாண்டவில்லை, ‘டணார்’னு ஒரு சத்தம். பெடல் வெறும் காற்றில் சுத்துது. திரும்பிப் பார்த்தால், செயின் பாம்பு மாதிரி ரோட்டில் கிடக்குது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோ அண்ணன் சொன்ன வாழ்த்துகளை இங்கே அச்சிட முடியாது.

அள்ளிக்கொண்டு தாத்தாவிடம் போனேன். கிளிப்பைக் காணோம். என் மொபைலில் இருந்த போட்டோவைக் காட்டச் சொன்னார். பார்த்தார். சிரித்தார்.

“நீ திருப்பிப் போட்டுருக்க. மீனு எப்படி நீந்தும்? தலை முன்னாடியா, வாலு முன்னாடியா?”

அவ்வளவுதான் பாஸ் மொத்த ரகசியமும்! செயின் எந்தத் திசையில் ஓடுதோ, அந்தத் திசையில் கிளிப்பின் மூடிய தலை இருக்கணும். பிளந்த வால் பின்னால் வரணும். மேல் பக்கச் செயின் முன்னோக்கி ஓடும். அதனால் கிளிப் மேலே இருக்கும்போது, தலை ஹேண்டில்பார் பக்கம், வால் கேரியர் பக்கம். திருப்பிப் போட்டால், செயின் கவரிலோ வேறு எதிலோ வால் உரசின உடனே கிளிப் கழண்டு போய்டும். நான் எடுத்த போட்டோவை, மாட்டும்போது நானே பார்க்கலை. அதான் தப்பு. புத்தகத்தில் படிச்ச எந்த ஃபார்முலாவிலும் இந்த மீன் இல்லை.

நான் ஓட்டினதால் ஒரு திட்டோடு போச்சு. அதே இடத்தில், இருட்டில் தங்கச்சி ஓட்டிட்டுப் போயிருந்தால்? நினைக்கவே வயிற்றைக் கலக்குது. அதனால் ரூல் நம்பர் டூ: நீங்க மாட்டின செயினை முதலில் நீங்களே, ஆள் இல்லாத தெருவில், மெதுவா ஓட்டிப் பாருங்க.

டைட்டா, லூஸா?

புது லாக் வாங்கி, மீனை நேராக நீந்தவிட்டாச்சு. அடுத்தது தொய்வு. பின் சக்கரத்தைப் பின்னால் இழுத்து, செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்க. அரை இன்ச்சிலிருந்து முக்கால் இன்ச் ஆடினால் ஓகே. அதைவிட அதிகமா ஆடினால் கழண்டுக்கும். கம்பி மாதிரி விறைப்பா இருந்தால் மிதிக்கவே முடியாது, பேரிங்கும் காலி. பெடலைக் கொஞ்சம் கொஞ்சமா சுத்தி நிறுத்தி, நாலு இடத்தில் பாருங்க. எங்கே அதிக டைட்டோ, அங்கே இந்த அளவு இருக்கணும். சக்கரம் ரெண்டு பக்கக் கம்பிக்கும் நடுவில் நேராக நிற்குதான்னு பார்த்துட்டு, நட் ரெண்டையும் நல்லா முறுக்குங்க. பிரேக்கைப் பிடிச்சுப் பார்க்காமல் கிளம்பாதீங்க. சக்கரம் நகர்ந்ததில் அதோட செட்டிங்கும் மாறியிருக்கும்.

கடைசியா எண்ணெய். செயின் மேலே ‘அபிஷேகம்’ பண்றதுதான் நம்ம வழக்கம். தப்பு! தேய்மானம் உள்ளே, பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில். அதனால் ஒவ்வொரு ரோலருக்கும் ஒரே ஒரு சொட்டு. பெடலைப் பின்னோக்கிச் சுத்தி, பத்து நிமிஷம் விட்டு, சுத்தறது நின்ன பிறகு, வெளியே உள்ளதை எல்லாம் துடைச்சு எடுத்துடுங்க. வெளியே எண்ணெய் தங்கினால் புழுதி ஒட்டும். எண்ணெயும் மண்ணும் சேர்ந்தால் உப்புக் காகிதம் மாதிரி அரைக்கும். தேங்காய் எண்ணெய் பிசுபிசுன்னு ஆகிடும், வேண்டாம். பைக்கிலிருந்து வடிச்ச கழிவு ஆயிலில் இரும்புத் துகள் இருக்கும், அதுவும் வேண்டாம்.

இதில் ஒரு சுவாரஸ்யம். 1999-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழுவினர் சைக்கிள் செயினைச் சோதித்தார்கள். நாம் மிதிக்கும் சக்தியில் 98.6 சதவிகிதம் வரை பின் சக்கரத்துக்குப் போய்ச் சேருதாம்! இன்னொரு ஆச்சரியம், சுத்தமான ஆய்வுக்கூடத்தில் எண்ணெய் போட்டதற்கும் போடாததற்கும் பெரிய வித்தியாசமே தெரியலை. எண்ணெயின் முக்கிய வேலை, அழுக்கு உள்ளே போகாமல் இடத்தை அடைச்சு நிற்பதுதான் என்று அவர்கள் நினைத்தார்கள். எஸ்டேட் லாரிகள் கிளப்பும் புழுதியில் ஓட்டுகிற நமக்கு அது எவ்வளவு முக்கியம்னு சொல்லணுமா என்ன?

வழியில் கழண்டால்…

சைக்கிளை ரோட்டோரம், வெளிச்சத்தில் நிறுத்துங்க. ஸ்டாண்டு போட்டு பின் சக்கரத்தைத் தூக்குங்க. முதலில் பின்னால் உள்ள ஃப்ரீ வீலில் செயினை ஏற்றுங்க. பிறகு முன் பல் சக்கரத்தின் மேல் பக்கம் ரெண்டு மூணு பல்லில் செயினை மாட்டிவிட்டு, கையை முழுசா எடுத்துடுங்க. அப்புறம்தான் பெடலைக் கையால் மெதுவா முன்னோக்கிச் சுத்தணும். தானாக ஏறிக்கும். ஒரு குச்சியோ பழைய துணியோ பையில் இருந்தால் கை கறுப்பாகாது. மாசத்துக்கு ஒரு தடவை துடைச்சு எண்ணெய், மழையில் நனைஞ்சால் அன்னிக்கே துடைச்சு எண்ணெய். அவ்வளவுதான் மெயின்டெனன்ஸ்.

கியர் சைக்கிள் பார்ட்டிகளுக்கு ஒரு வார்த்தை: உங்க செயினில் இந்த மீன் கிளிப் இருக்காது. ‘குவிக் லிங்க்’ இருக்கலாம், இல்லைன்னா ‘செயின் கட்டர்’ வச்சுத்தான் பின்னைத் தள்ளணும். சுத்தியல், ஆணி வச்சு வித்தை காட்டாதீங்க.

போன வாரம் ஒரு மேட்டர். ராத்திரி எட்டே முக்காலுக்கு வாசலில் பெல் சத்தம். தங்கச்சி. கையில் கொஞ்சம் கறுப்பு. “மறுபடியும் கழண்டுச்சா?”ன்னு அம்மா பதறிப் போய் எழுந்தாங்க. “என்னுது இல்லைம்மா. என் ஃப்ரெண்டோடது. நான்தான் மாட்டிவிட்டேன்” என்றாள். அம்மா ஒண்ணும் சொல்லலை. சோப்பு எடுத்துக் கொடுத்தாங்க.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தாத்தா வாசலில் ரெண்டு சைக்கிள் நிற்கப் போகுது. இந்தத் தடவை உட்காரப் போறது நான் இல்லை!